அக்ரிமென்டில் இல்லாத பெயர்

வேளச்சேரியிலோ பெருங்குடியிலோ இரண்டு படுக்கையறை வீடு ஒன்றில் நான்கு இளைஞர்கள் குடியிருந்தால், வாடகை ஒப்பந்தத்தில் பெரும்பாலும் ஒரே ஒருவரின் கையெழுத்துதான் இருக்கும். முதலில் வந்து, புரோக்கருக்குக் கமிஷன் கொடுத்து, ஓனரிடம் அட்வான்ஸ் கட்டியவருடையது அது. மற்ற மூவரும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்திருப்பார்கள். ஒருவர் வேலை மாறிப் பெங்களூருக்குப் போக, அந்த இடத்துக்கு நண்பனின் நண்பன் வருவார். தன் பங்கு அட்வான்ஸைப் போகிறவர் கையிலேயே கொடுத்திருப்பார். மாதம் பிறந்ததும் வாடகைப் பங்கு ஜிபேயில் கையெழுத்துப் போட்டவருக்குப் போகும். எல்லாம் நம்பிக்கையில் நடக்கும், பெரும்பாலும் நன்றாகவே நடக்கும்.

நடக்காதபோது வருகிற முதல் கேள்வி, "பேப்பர்ல உன் பேர் இருக்கா?" என்பதுதான். அதைக் கேட்டதும் பலர் வாயடைத்துப் போகிறார்கள். அன்றிரவே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியவர்களும் உண்டு. அப்படிக் கிளம்ப வேண்டியதில்லை. சட்டம் காகிதத்தைப் பார்க்கிறது, காகிதத்துக்கு வெளியேயும் பார்க்கிறது. சாவி யார் கையில் இருக்கிறது, எந்தக் கதவை யார் உள்ளே இருந்து பூட்டுகிறார், பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்றெல்லாம் அது விசாரிக்கிறது. இந்த விசாரணை எங்கே தொடங்கி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும்.

நம் நாட்டில் இதற்கான அடித்தளம் 1882-ல் போடப்பட்டது. அந்த ஆண்டின் 4-ஆம் எண் சட்டம் சொத்து மாற்றுச் சட்டம். அடுத்த 5-ஆம் எண் சட்டம் வசதியுரிமைச் சட்டம். வக்கீல்கள் ஈஸ்மென்ட் சட்டம் என்பார்கள். இரண்டும் 1882 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தன. ஈஸ்மென்ட் சட்டம் முதலில் பொருந்திய சில பகுதிகளில் மதராஸ் மாகாணமும் ஒன்று. அடுத்தவர் வீட்டில் ஒருவர் தங்குவதற்கு இருக்கிற இரண்டு பெரிய வழிகளை இவை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டன.

சொத்து மாற்றுச் சட்டம் பேசுவது வாடகைக் குடித்தனத்தைப் பற்றி. அங்கே ஓனர் தன் சொத்தை அனுபவிக்கும் உரிமையையே ஒரு காலத்துக்குக் குடியிருப்பவருக்கு மாற்றித் தருகிறார். அந்தக் காலம்வரை சொத்தில் ஒரு பகுதி உரிமை குடியிருப்பவருடையது. ஈஸ்மென்ட் சட்டத்தின் 52-வது பிரிவு பேசுவது வெறும் அனுமதியைப் பற்றி. அனுமதி பெற்றவருக்குச் சொத்தில் எந்த உரிமையும் மாறுவதில்லை. அனுமதி இல்லாவிட்டால் அத்துமீறலாக இருந்திருக்கும் ஒரு செயல், அனுமதி இருப்பதால் குற்றமில்லாமல் போகிறது, அவ்வளவுதான். ஹாஸ்டலில் தங்குபவர், பேயிங் கெஸ்ட், நண்பனின் அறையில் ஒட்டிக்கொள்பவர் எல்லாம் பொதுவாக இந்த வகை.

ஆக, கையெழுத்துப் போடாத அறைவாசி இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம் அமைகிறது. இங்கேதான் பலரும் எதிர்பார்க்காத ஒரு விஷயம் இருக்கிறது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 107-வது பிரிவுப்படி, ஓராண்டுக்கு மேற்படாத குடித்தனத்துக்கு எழுத்தே தேவையில்லை. வாய்ப்பேச்சும், கூடவே வீட்டைச் சுவாதீனத்தில் ஒப்படைப்பதும் போதும். ஓராண்டைத் தாண்டினால் பதிவு செய்த பத்திரம் வேண்டும். தமிழ்நாட்டில் வாடகை ஒப்பந்தங்கள் 11 மாதத்துக்குப் போடப்பட்டு வந்ததன் காரணமும் இதுதான்.

தமிழ்நாட்டில் நிலைமை பிறகு மாறியது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2017-ல் இயற்றப்பட்ட நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி எந்த வாடகைக்கும் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். எழுத்து இல்லையென்றால் அதையே காரணமாகக் காட்டி, வீட்டைக் காலி செய்யக் கோரி ஓனர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். இதில் கவனிக்க வேண்டியது கடைசிச் சொற்களை. ஓனர் போக வேண்டிய இடம் நீதிமன்றம். எழுத்து இல்லை என்பதால் கதவுக்குப் புதுப் பூட்டுப் போட அவருக்கு அதிகாரம் வந்துவிடாது. குடியிருப்பவருக்குத் தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளைத் துண்டிப்பதையும் இதே சட்டம் தடுக்கிறது.

குடித்தனமா, அனுமதியா என்று பிரித்துப் பார்க்க நம் உச்ச நீதிமன்றம் கற்றுக்கொடுத்த பாடம் ஒரு முடிதிருத்தும் நிலையத்திலிருந்து வந்தது. டெல்லி இம்பீரியல் ஹோட்டலில் ஆண்களுக்கும் பெண்களுக்குமான உடுப்பறைகளை, சிகையலங்காரத் தொழில் நடத்த 1949-ல் ஒருவர் எடுத்தார். ஆண்டுக்கு 9,600 ரூபாய். போட்ட பத்திரம் தன்னை அனுமதிப் பத்திரம் என்று அழைத்துக்கொண்டது. பின்னர் தகராறு வந்து, 1959-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிபதி சுப்பா ராவ் சொன்னதன் சாரம் இது: பத்திரம் தனக்கு என்ன பெயர் வைத்துக்கொண்டாலும் உள்ளடக்கம்தான் முக்கியம், ஒருவருக்கு ஓர் இடத்தின் தனிச் சுவாதீனம் தரப்பட்டிருந்தால், முதல் பார்வையில் அவர் குடித்தனக்காரர். பெரும்பான்மைத் தீர்ப்பு அந்தப் பத்திரம் குடித்தனத்தையே உண்டாக்கியது என்று சொன்னது. ஆனாலும் ஹோட்டலுக்குள் இருக்கும் அறைக்கு அன்றைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தாது என்பதால் அவர் வழக்கில் தோற்றார். அவர் தோற்ற வழக்கிலிருந்து கிடைத்த அளவுகோலைத்தான் இன்றும் இந்திய நீதிமன்றங்கள் கையில் எடுக்கின்றன.

தனிச் சுவாதீனம் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், பகிர்ந்து வாழும் வீட்டின் உள்ளறைக் கதவைப் பாருங்கள்.

ஒரு வீட்டில் நான்கு பேரும் இடம் கிடைத்த அறையில் பாய் விரிக்கிறார்கள். அலமாரி பொது. யாருக்கு எந்த அறை என்ற கணக்கு இல்லை. வாசல் சாவி நான்கு பிரதி. இன்னொரு வீட்டில் உள் படுக்கையறை ஒருவருக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவர் தன் காசில் ஒரு பூட்டு வாங்கி அந்தக் கதவில் தொங்கவிட்டிருக்கிறார்; சாவி அவரிடம் மட்டும். சமையலறையும் குளியலறையும் பொது. அறைக்கு இவ்வளவு என்று பேசி மாதாமாதம் தருகிறார். இரண்டு வீட்டிலும் ஒப்பந்தத்தில் ஒரே கையெழுத்துதான். ஆனால் முதல் வீட்டில் மற்ற மூவரும் அனுமதியில் தங்கியிருப்பவர்கள். இரண்டாவது வீட்டில், உள்ளறைக்காரர் உள்வாடகைக்கு இருப்பவர் என்று வாதாட இடம் இருக்கிறது. வித்தியாசத்தை உண்டாக்கியது கடையில் வாங்கிய ஒரு பூட்டு.

இதோடு நின்றால் எல்லோரும் நாளைக்கே உள்ளறைக்குப் பூட்டுப் போட்டுவிடலாம். ஆனால் அதே பூட்டு மறுபக்கமும் திரும்புகிறது. ஓனரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் வீட்டின் ஒரு பகுதியை இன்னொருவர் சுவாதீனத்தில் விடுவது, தமிழ்நாட்டுச் சட்டப்படி வாடகைதாரரைக் காலி செய்யச் சொல்வதற்கான காரணங்களில் ஒன்று. அப்படியென்றால் நண்பனைக் கூடத் தங்கவைத்தாலே கையெழுத்துப் போட்டவர் வீட்டை இழந்துவிடுவாரா? இல்லை. தந்தை வாடகைக்கு எடுத்த இடத்தில் மகன்கள் தொழில் நடத்தியது பற்றிய ஒரு வழக்கில் 1988-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: பிறர் அந்த இடத்தைப் பயன்படுத்துவது மட்டுமே உள்வாடகை ஆகாது. சட்டப்படியான சுவாதீனத்தை வாடகைதாரர் முழுக்கக் கைவிட்டு, அதை இன்னொருவரிடம் கொடுத்திருக்க வேண்டும்.

இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தால் பகிர்ந்து வாழ்வதன் உள்கட்டமைப்பு புலப்படும். அறைவாசியின் உரிமை எந்த அளவுக்கு வலுக்கிறதோ, கையெழுத்துப் போட்டவரின் குடித்தனம் அந்த அளவுக்கு ஆட்டம் காண்கிறது. பாய் விரித்துப் படுப்பவரின் பலவீனம்தான் அவர் நண்பனின் குடித்தனத்தைக் காக்கிறது. ஒரே கதவை நடுவில் வைத்துக்கொண்டு இருவரின் உரிமைகளும் எதிரெதிராக நிற்பது அவர்களுக்கே தெரியாது. நண்பர்கள் இருவரும் நல்லவர்களாக இருந்தும் இந்த இடத்தில் மோதிக்கொள்ள நேர்கிறதே என்பதுதான் என் வருத்தம். ஓனரிடம் ஒருமுறை எழுதி வாங்கிவிட்டால் இந்த எதிர்நிலையே மறைந்துபோகும்.

இங்கிலாந்தில் இதே சிக்கல் 1988 நவம்பரில் பிரபுக்கள் சபையின் முன் இரட்டை வழக்காக வந்தது. ஒன்றில் நான்கு படுக்கையறை ஃபிளாட். நான்கு பேர், நான்கு தனித்தனி ஒப்பந்தம், வெவ்வேறு தேதி, வெவ்வேறு தொகை. ஒருவர் போனால் உரிமையாளரான நிறுவனம் இன்னொருவரைச் சேர்த்துவிடும். நம் ஊர் ஷேரிங் வீடு போலவேதான். நால்வரும் சேர்ந்து ஒரே குடித்தனக்காரர் ஆக மாட்டார்கள், ஒவ்வொருவரும் அனுமதி பெற்றவர்களே என்று தீர்ப்பானது. மற்றொன்றில் ஒரு மாடி அறை வீடு, சேர்ந்து வாழும் ஒரு ஜோடி. அவர்களிடமும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கி, தான் எப்போது வேண்டுமானாலும் வந்து கூடத் தங்கலாம், வேறு யாரையும் தங்கவைக்கலாம் என்று உரிமையாளர் எழுதி வைத்திருந்தார். ஒரே படுக்கையறையில் ஒரு ஜோடி இருக்கும்போது மூன்றாவது ஆள் எங்கே தங்குவது? அந்த வாசகம் வெறும் பாசாங்கு, இருவரும் சேர்ந்து குடித்தனக்காரர்களே என்று அதே நாளில் அதே நீதிபதிகள் சொன்னார்கள். இங்கிலாந்துத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் தீர்மானிக்கும் முறை ஒன்றுதான்: அந்த வீட்டுக்குள் வாழ்க்கை நிஜமாக எப்படி நடந்தது?

சரி, நீங்கள் வெறும் அனுமதியில் இருப்பவர் என்றே முடிவானால்? அதற்கும் 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதில் இருக்கிறது. அனுமதியைக் கொடுத்தவர் பொதுவாக எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். ஆனால் 63-வது பிரிவு, வெளியேறவும் தன் சாமான்களை எடுத்துச் செல்லவும் நியாயமான கால அவகாசம் தர வேண்டும் என்கிறது. 64-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பணம் கொடுத்துப் பெற்ற அனுமதியை முழுதாக அனுபவிக்கும் முன்பே, தன் தவறு ஏதுமின்றி வெளியேற்றப்பட்டவர் நஷ்டஈடு பெறலாம். மாதம் முழுமைக்கும் பங்கைக் கட்டிய பிறகு பத்தாம் தேதி "நாளைக்குள்ள கிளம்பு" என்று சொல்லப்பட்டவருக்கு, நூற்று நாற்பது ஆண்டுக்கு மேலாக இந்தச் சட்டம் துணை நிற்கிறது. குடித்தனம் என்று முடிவானால் பொதுச் சட்டமான சொத்து மாற்றுச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத மாத வாடகைக் குடித்தனத்தை முடிக்க 15 நாள் நோட்டீஸ் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னும் பழையதொரு பாதுகாப்பு இருக்கிறது. என் மனதை அதிகம் தொடுவது அதுதான்.

பழைய ரோமில் நீதி வழங்கிய பிரீட்டர் என்னும் அதிகாரி, நிலத்திலிருந்து பலவந்தமாக விரட்டப்பட்டவர் வந்து முறையிட்டால், நிலம் யாருடையது என்று முதலில் கேட்க மாட்டார். விரட்டினார்களா என்றுதான் கேட்பார். விரட்டியிருந்தால், முதலில் அவரைத் திரும்ப உட்காரவை. சொந்தம் யாருக்கு என்பதைப் பிறகு வழக்காடு என்பார். இங்கிலாந்தில் 1381-ல், விவசாயிகள் கிளர்ச்சி நடந்த அதே ஆண்டில், நிலத்துக்குள் பலவந்தமாக நுழைவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. உரிமை இருப்பவனும் அமைதியான வழியில்தான் நுழைய வேண்டும் என்றது. உரிமை இல்லாதவனைக்கூடச் சட்டம் ஏன் காக்க வேண்டும் என்ற கேள்வி ஜெர்மன் சட்ட அறிஞர்களை ஒரு நூற்றாண்டு ஆட்டிவைத்தது. சாவிக்னி 1803-ல் தன் 24-வது வயதில் சுவாதீனத்தைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். காக்கப்படுவது சுவாதீனத்தை வைத்திருக்கும் மனிதர் என்பது அவர் பார்வை. பலவந்தம் அந்த மனிதருக்கு இழைக்கும் அநீதி. பின்னால் வந்த யேரிங் இதை மறுத்து, சொத்துரிமையைக் காக்கும் வெளிக்காவல்தான் சுவாதீனப் பாதுகாப்பு என்றார். எனக்கு சாவிக்னியின் பக்கம்தான் சரி என்று படுகிறது. இரவு பத்து மணிக்குத் துணிமணி தெருவில் கிடக்க நிற்கிறவருக்கு நடந்தது சொத்துத் தகராறு மட்டும் அல்ல.

அந்த ரோமானியச் சிந்தனை இன்று நம் கையில் 1963-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6-வது பிரிவாக இருக்கிறது. தன் சம்மதமில்லாமல், சட்டப்படியான நடவடிக்கை எதுவுமின்றி ஓர் இடத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர், எதிராளி எந்தச் சொத்துரிமையைக் காட்டினாலும், சுவாதீனத்தைத் திரும்பக் கேட்டு வழக்குத் தொடுக்கலாம். தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. ஓனர் தன் உரிமையை நிலைநாட்டத் தனி வழக்குப் போட்டுக்கொள்ளலாம். அனுமதிக் காலம் முடிந்தவர் பற்றிய ஒரு வழக்கில் 1989-ல் உச்ச நீதிமன்றமும், நிலைபெற்ற சுவாதீனத்தில் இருப்பவரை, அவருக்கு அங்கிருக்க உரிமை இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், சட்டத்தின் வழியாக மட்டுமே வெளியேற்ற முடியும் என்றது. இது ஓனருக்கு மட்டுமான கட்டளை என்று நினைக்க வேண்டாம். கையெழுத்துப் போட்ட நண்பரையும் இது கட்டும்.

இந்தப் பாதுகாப்புக்கு எல்லை உண்டு. காவலாளியாக, வேலையாளாக, இலவசமாகத் தங்கவைக்கப்பட்டவராக இருப்பவர் சொந்தச் சுவாதீனம் கோர முடியாது என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஹாலில் பாய் விரித்திருப்பவருக்கு 6-வது பிரிவு கிடைக்குமா என்பதிலும் எதிர்வாதம் பலமாக இருக்கும். தனியறை, தனிச் சாவி, தொடர்ந்து கட்டிய பணம் இருந்தால் கை ஓங்கும். கையெழுத்துப் போட்டவர் மேல் முறைப்படி வெளியேற்ற உத்தரவு வந்துவிட்டால், அவர் வழியாக வந்தவர்களும் பொதுவாக அதற்குக் கட்டுப்பட்டுக் கிளம்ப வேண்டும். கையெழுத்துக்காரர் தானாகக் காலி செய்தால், மீதிப் பேரை ஓனர் ஏற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவர் அல்ல. உங்களை இன்னார் என்று தெரிந்தே உங்களிடமிருந்து நேரடியாக மாத வாடகை வாங்கத் தொடங்கினார் என்றால் கதை வேறு. அது மட்டுமே குடித்தனத்தை நிரூபித்துவிடாது. ஆனால் நீதிமன்றம் உற்றுப் பார்க்கும் தடயம் அது.

பணத்தில் வேறொரு நியாயம். அட்வான்ஸைத் திருப்பித் தரும் கடமை ஓனருக்குக் கையெழுத்துக்காரரிடம் மட்டுமே. பெயின்டிங்குக்கு ஒரு மாதம் பிடித்துக்கொண்டேன் என்று ஓனர் சொன்னால் நீங்கள் அவரிடம் சண்டையிட முடியாது. உங்கள் பங்கை நண்பரிடம்தான் கேட்க வேண்டும். வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் ஒப்பந்தமே, கேட்க மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. இதில் கையெழுத்துப் போடாதவருக்கு ஓர் ஆறுதலும் இருக்கிறது. நால்வரும் கூட்டாகக் கையெழுத்திட்டிருந்தால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 43-வது பிரிவுப்படி, ஓனர் முழு வாடகையையும் நால்வரில் யாரிடம் வேண்டுமானாலும் வசூலிக்கலாம். கட்டியவர் மற்றவர்களிடம் பிறகு பங்கு கேட்டு அலைய வேண்டும். பெயர் இல்லாதவர் மேல் அந்தச் சுமை ஏறுவதில்லை. கையெழுத்துப் போடும் முன் இதையும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

நீங்கள் இப்படி ஒரு வீட்டில் இருப்பவர் என்றால், இதைப் படித்து முடித்ததும் சில வேலைகளைச் செய்துவிடுங்கள். வாடகைப் பங்கை ரொக்கமாகத் தராதீர்கள். வங்கி வழியாக அனுப்பி, எந்த மாத வாடகை, எந்த வீடு என்று குறிப்பில் எழுதுங்கள். அட்வான்ஸ் பங்கு கொடுத்ததை நண்பரிடம் ஒரு வாட்ஸ்அப் செய்தியிலாவது ஒப்புக்கொள்ள வையுங்கள். அந்தச் செய்தி இருக்கும் போனை விற்றுவிடாதீர்கள், மின்னணுச் சான்றை 2023-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டப்படி உரிய சான்றிதழோடுதான் நீதிமன்றம் ஏற்கும். உங்கள் பெயரையும் சேர்த்து ஒரு துணை ஒப்பந்தம் போடச் சொல்லி, அல்லது நீங்கள் தங்குவதற்குச் சம்மதம் என்று ஒரு வரியாவது எழுதச் சொல்லி, ஓனரிடம் நண்பரோடு சேர்ந்தே கேளுங்கள். அது உங்கள் இருவரையும் ஒருசேரக் காக்கும். அதையும் மீறி ஒரு நாள் பூட்டு மாற்றப்பட்டிருந்தால், அன்றே தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொண்டு, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கி, வக்கீலைப் பாருங்கள். 6-வது பிரிவில் வழக்குத் தொடுக்கச் சட்டம் தருவது வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து 6 மாதம் மட்டுமே.